இருபது கிலோ எடைக்கல்

வண்டியை எடை மேடையில் ஏற்றாதீங்க. அங்கேயே நிறுத்துங்க. கரண்ட் இல்லை. வந்தாலும் மிஷின் உயிர் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை இப்படி உட்காருங்க. அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சு கால் ஆடும்.

எதைப் பார்க்கிறீங்க? எடைக்கல்லையா? பார்த்துக்கொள்ளுங்க. மேடை ஓரத்தில் இருபது கிலோ எடைக்கல் ஒன்று இருக்கிறது. ஆறு வருஷமாக இருக்கிறது. எடுக்கச் சொல்லாதீங்க. எடுக்க மாட்டேன்.

உங்களுக்கு ஒரு கிலோகூட நஷ்டம் கிடையாது. லோடோடு நிற்கும்போதும் அந்த இருபது சேர்ந்து வரும். காலி வண்டியாக நிற்கும்போதும் சேர்ந்து வரும். ஒன்றில் ஒன்றைக் கழித்தால் இருபது போயிற்று. சிமெண்டு ஆலைக்காரனே கேட்காத கேள்வி இது. முத்திரை போட வருகிற எடையளவு ஆய்வாளர் மட்டும் கேட்பார். அவர் வருகிற அன்றைக்கு எடுத்து உள்ளே வைப்பேன். அவர் ஜீப்பு அந்த வளைவு திரும்பியதும் மறுபடி கொண்டுவந்து வைப்பேன். எழுபத்திரண்டு வயசு எனக்கு. இடுப்பு பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் வைப்பேன்.

மனசில் என்ன நினைக்கிறீங்க என்று தெரியுது. கிழவன் ஏதோ தில்லுமுல்லு பண்றான். அப்படித்தானே? அரியலூர் தாண்டி இந்த ரோட்டில் எவனை வேண்டுமானாலும் கேளுங்க, நாகப்பன் சீட்டு என்றால் என்னவென்று. சுண்ணாம்புக்கல் வண்டி வர ஆரம்பித்த காலத்திலிருந்து நிறுக்கிறேன். கூட்டி எழுதினதில்லை, குறைத்து எழுதினதில்லை. என் மச்சான் வந்து நாற்பது கிலோ தூக்கிப் போடுங்க மாமா என்றான். முடியாது என்றேன். பன்னிரண்டு வருஷமாக அவன் என் வீட்டில் கை நனைக்கவில்லை. போகட்டும்.

ஒரே ஒரு ஆளுக்குக் குறைத்தேன். லாரிக்கு இல்லை.

டீ வேண்டுமென்றால் எதிரில் சொல்லிக்கொள்ளுங்க. அது பரோட்டாக் கடைதான், டீயும் போடுவான். எனக்கு வேண்டாம். அந்தக் கடையில் நான் வாங்குவதில்லை இப்போது.

என் மகள் தமயந்தி. ஒன்பது வயசில் அவளுக்கு அம்மா போய்விட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியாது. பேசவும் தெரியாது. ராத்திரி அம்மாவைக் கேட்டு அழும். என்ன சொல்வது? எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பேன். தின்னும். அழுகை நிற்கும். இன்னொன்று போடுப்பா என்பேன். நான் இருக்கிறேன் என்று வாயால் சொல்லத் தெரியாதவன், இலையில் இன்னொன்று போடச் சொன்னேன். அவ்வளவுதான். பிள்ளை வளர்ந்தாள். கொழுகொழுவென்று இருந்தாள். பார்க்கிறவர்கள் கண் வைக்கக் கூடாது என்று திருநீறு போட்டு ஊதுவேன். நாலு பேர் நாலு சொல்வார்கள். எவன் வீட்டுச் சோற்றையும் அவள் தின்னவில்லை.

கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை அறவாழி, திருச்சியில் எலக்ட்ரீஷியன். நல்ல பையன். நாலு வருஷம் பிள்ளை இல்லை. ஒரு டாக்டரம்மா சொன்னாளாம், கொஞ்சம் எடை குறைஞ்சா கரு தங்க வசதியா இருக்கும், மெதுவா பார்க்கலாம்மா என்று. போனில் சொல்லி அழுதது. நான் நேராகத் திருச்சிக்கே போய் அந்த அம்மாளைக் கேட்டேன், என் பிள்ளை என்ன லாரியா, லோடு இறக்கச் சொல்றீங்க என்று. அவள் ஏதோ பொறுமையாகத்தான் சொன்னாள். நான் எங்கே கேட்டேன்.

அப்புறம் உண்டாயிற்று. பார்த்தீங்களா? எடை குறையாமலேயே உண்டாயிற்று. மூணாம் மாசம் மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அவனுக்கு வேலை வெளியூர் வெளியூராக. இங்கே இருக்கட்டும் என்றேன்.

எங்கள் ஊர் நர்சு எஸ்தர். கிராமத்து நர்சு, கர்ப்பிணிகளைப் பார்க்கிறவள். அங்கன்வாடியில் மாசம் ஒரு நாள் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு எடை, ரத்தம், பிபி பார்ப்பாள். இவளையும் கூட்டிப்போனேன். வாசலில்தான் நின்றேன். காதில் விழுந்தது.

எஸ்தர் மிஷினைக் குனிந்து பார்த்தாள். நோட்டு வைத்துக்கொண்டிருந்த பெண் அந்த மூலையில் இருந்தாள். ஃபேன் சத்தம், குழந்தைகள் சத்தம். எஸ்தர் கத்திச் சொன்னாள்: "எழுதிக்கம்மா, தமயந்தி, நூத்தியெட்டு."

வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள்: "அடி ஆத்தீ, ஆம்புலன்ஸ் வந்துருச்சு. வழி விடுங்கடி."

எல்லாரும் சிரித்தார்கள். நூத்தியெட்டு என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட ஆம்புலன்ஸ்தானே. எஸ்தர் சிரிக்கவில்லை. அவளை அதட்டினாள். அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நம்பரைக் கத்தினவள் யார்? அவள்தானே?

இவள் மிஷினை விட்டு இறங்கி வந்துவிட்டாள். செருப்பைக்கூட மாட்டவில்லை. கர்ப்பிணி அட்டையில் எடை எழுதுகிற கட்டம் காலியாகவே இருந்தது. ஒரு வாரத்தில் தெருவே அந்தப் பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டது. தண்ணிக்குப் போனால், நூத்தியெட்டு வருது. கடைக்குப் போனால், சைரன் காணோமே. அவள் வெளியே போவதை விட்டாள்.

எஸ்தர் இங்கே வந்தாள், இந்தப் பெஞ்சுக்கு.

"ஐயா, அன்னைக்கு எழுதுறதுக்குள்ள அட்டையோட போயிட்டா. மாசாமாசம் எடை ஏத்தணும். தமயந்தியை அனுப்பி வைங்க."

"வர மாட்டா. பிள்ளைத்தாய்ச்சியை நிறுத்தா கண்ணு பட்டுடும்."

"கண்ணுக்கில்ல ஐயா. உடம்பு கனத்தவங்களுக்கு பிபி ஏறும், சர்க்கரை வரும். பிள்ளை பெருசா வளந்து பிரசவத்துல சிரமப்படும். ஆபரேஷன்னா மயக்க மருந்துலேர்ந்து ஊசி வரைக்கும் எடையைத்தான் முதல்ல கேப்பாங்க. அவளைக் குத்தம் சொல்ல வரல. எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சா நல்லபடியா பெத்து எடுக்கலாம். அவளை மாதிரி எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன்."

"நான் நிறுத்துத் தர்றேன்."

சிரித்தாள். "லாரி மேடையிலயா?"

"சர்க்கார் முத்திரை போட்ட மேடை. உன் மிஷினுக்கு முத்திரை இருக்கா?"

"சரிங்கய்யா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டாள். கவனிச்சுக்குங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பேர் எனக்கு.

மறுநாள் மத்தியானம் வண்டி இல்லாத நேரம். தமயந்தியைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றது. அப்பா மட்டும்தான் இருக்கேன், வா என்றேன். முகத்தைப் பார்த்தேன். கண் வீங்கிக் கிடந்தது. ஒரு நிமிஷம் இரு, மேடையைக் கூட்டிவிட்டுக் கூப்பிடறேன் என்று சொன்னேன்.

உங்களுக்கு எடை மேடைக்காரன் தில்லுமுல்லு தெரியுமா? தெரிந்திருக்கும். மேடையில் இருபது கிலோ கல்லை வைத்து சீரோவை அழுத்தினால் மிஷின் அதையே சீரோ என்று எடுத்துக்கொள்ளும். கல்லை எடுத்தபிறகு எது ஏறினாலும் இருபது குறைத்துக் காட்டும். இப்படிச் செய்த இரண்டு பேரை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தன் மேடையையே மூடினார்கள்.

அதைத்தான் செய்தேன்.

எங்கள் மிஷினுக்குப் பத்துப் பத்தாகத்தான் கணக்கு. நூத்தியெட்டு நின்றால் நூத்திப்பத்து காட்டும். அன்றைக்கு தமயந்தி வந்து நின்றாள், மேடை நடுவில், வெறுங்காலோடு. அவ்வளவு பெரிய மேடையில் தனியாக. பதினாறு சக்கர வண்டி நிற்கிற இடம். சின்னதாகத் தெரிந்தாள், தெரியுமா? என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தாள். தொண்ணூறு என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சீட்டு அடித்துக் கிழித்துக் கொடுத்தேன்.

"தொண்ணூறாப்பா?"

"படிக்கத் தெரியாதா?"

"அப்ப அந்த நர்சக்கா மிஷின்தான் தப்பா?"

"அது தராசு மாதிரியா இருக்கு? பாத்ரூம் பலகை."

சிரித்தாள். நான் பெற்றவன். எத்தனை நாள் கழித்து அவள் சிரித்தாள் என்று எனக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டைக் கண்ணாடியில் செருகி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் இறங்கி நடந்தாள். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள். இதில் என்ன தப்பு, சொல்லுங்க.

மாசாமாசம் அப்படியே. அட்டையில் தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு. ஏழாம் மாசம் எஸ்தர் அட்டையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"கண்ணுக்கு அப்படித் தெரியலையே ஐயா. அன்னைக்கு என் மிஷினும் வேற காட்டுச்சே. என் மிஷினைத் தூக்கிட்டு வீட்டுக்கே வர்றேன். கதவைச் சாத்திக்கிட்டு, யாருக்கும் தெரியாம, ஒரே ஒரு தடவை."

"என் மேடையைச் சந்தேகப்படறியா?"

"ஐயோ, உங்களைப் போயி..."

"அப்ப எழுது."

எழுதினாள். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். சர்க்கரைத் தண்ணி குடிக்க வைத்து ரத்தம் எடுத்தாள். சர்க்கரை இருந்தது. மாத்திரை கொடுக்க வைத்தாள். பிபி பார்க்கிற பட்டை கைக்குப் பத்தவில்லை என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டு அகலப் பட்டை வாங்கிவந்தாள். பிரசவம் பெரியாஸ்பத்திரியில்தான் என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது.

நாள் நெருங்கினபோது ஒரு காலை, தலைவலி என்றாள். கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். கால் முகம் எல்லாம் வீக்கம். எஸ்தர் ஓடிவந்து பிபி பார்த்துவிட்டு உடனே போன் போட்டாள். வண்டி வந்தது. என்ன வண்டி வரும்? அதுதான் வரும். பக்கத்தில் பெரிசாக எழுதியிருக்கிறதே.

தெருவே வந்து நின்றது. தமயந்தி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நான் இதுல ஏற மாட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரி, மெட்டடோர் வேன் பிடிக்கிறேன் என்று கிளம்பினேன். எஸ்தர் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவ்வளவு நாளில் அவள் என்னைத் தொட்டதில்லை. அப்புறம் அவள் போய் அந்த எண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டாள். இரண்டு கையையும் விரித்து, முதுகால் மறைத்துக்கொண்டு. "இப்ப இல்ல பாரு. இப்ப ஏறு கண்ணு" என்றாள். தெருவில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நிற்க வைத்து நிறுக்கிற நிலையில் அவள் இல்லை. சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் அட்டையைப் புரட்டினார். தள்ளுவண்டியில் கிடக்கிறவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"எடை தொண்ணூறுன்னு போட்டிருக்கு. சரியாய்யா?"

தமயந்தி என் கையைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நம்பர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாள் முழுக்க நம்பர் சொல்கிறவன் நான். லாரிக்காரன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"சரிதாங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

பெண் குழந்தை. நாலு கிலோ நூறு. நல்ல சத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தோம். தினம் வயிற்றில் ஊசி போடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க என்றார்கள். நர்சு சீட்டைப் பார்த்து மருந்து உறிஞ்சுவாள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து நடக்க விடுங்க, படுக்கப் போடாதீங்க என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் நடக்க விடவில்லை. பச்சை உடம்பு. நடந்தால் தையல் பிரிந்துவிடும். தவிர, நடந்தால் தெரு பார்க்கும்.

ஒன்பதாம் நாள். கெண்டைக்கால் வலிக்குதுப்பா என்றாள். இடது கால். தொட்டால் சுட்டது. எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து தேய்த்தேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன், மூட்டை தூக்கின கை. "அப்படியேப்பா, அங்கதான்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். சுகமாக இருந்தது போல. பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வெந்நீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனேன்.

"மூச்சு வாங்குதுப்பா" என்று கேட்டது.

மறுபடி அந்த வண்டிதான் வந்தது. இந்தத் தடவை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

அதே டாக்டர். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார். உடம்பு கனத்தவங்களுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் இது வரக்கூடும், அதனாலதான் எடைக்குத் தக்கபடி ஊசி போட்டோம், அப்படியும் சில பேருக்கு ஆயிடுது ஐயா, யார் தப்பும் இல்லை என்றார். படித்தவர். அவரே சொன்னார், யார் தப்பும் இல்லை என்று. நீங்களும் கேட்டுக்குங்க.

எடைக்குத் தக்கபடி. அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தூக்க நாலு பேர் பத்தவில்லை. ஆறு பேர் தூக்கினார்கள். மச்சானும் வந்து தோள் கொடுத்தான். தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான். நூத்தியெட்டு என்று அன்றைக்கு எவளும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து மேடையைத் திறந்தேன். இரண்டாம் நாள் எஸ்தர் வந்தாள். நேராக மேடையில் ஏறி நின்றாள். சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். அறுபது காட்டியது. அவள் எடை அவளுக்குத் தெரியாதா? சரியாகத்தான் காட்டியது. நான்தான் பழையபடி சீரோ வைத்துவிட்டேனே, தமயந்தி போன அன்றைக்கே. முத்திரை போட்ட மேடை, தப்பாக இருக்கலாமா?

இறங்கி வந்தாள். கண்ணில் தண்ணி. "உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன் ஐயா. நான்தான் பாவி. அன்னைக்கு அந்த நம்பரைச் சத்தமா சொல்லாம இருந்திருந்தா, அவ மாசாமாசம் எங்கிட்ட வந்திருப்பா."

"ஆமாம்" என்றேன்.

உள்ளதைத்தானே சொன்னேன்? அவளே சொன்னதுதானே? அதற்கப்புறம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஜெயங்கொண்டம் பக்கம் என்று கேள்வி. இப்போது வருகிற நர்சு ஒவ்வொருத்தியையும் திரைக்குப் பின்னால் நிறுத்தி, நம்பரைக் காதோடு சொல்கிறாளாம். எஸ்தர் போகும்போது அப்படிச் சொல்லிவிட்டுப் போனாளாம்.

நீங்கள் கல்லைப் பற்றித்தானே கேட்டீங்க. வருகிறேன்.

எஸ்தர் மாற்றலாகிப் போன அந்த வாரம். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. மேடையில் ஒன்றும் இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை. மிஷின் தொண்ணூறு காட்டியது.

சீரோ அழுத்தினேன். போயிற்று. சாயங்காலம் மறுபடி தொண்ணூறு. திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்தான். அடியில் ஈரம் ஏறியிருக்கு என்றான். எடையைப் பிடிக்கிற லோடு செல்லை மாற்றினான். சேற்றை வழித்தான். எலி கடித்த ஒயரைக் காட்டினான். எல்லாம் சரி. நாலு நாள் கழித்து, கரண்ட் போய் வந்தது. தொண்ணூறு. எண்பது இல்லை, நூறு இல்லை. தினமும் இல்லை. வரும்போது கொஞ்ச நேரம் நிற்கும். அப்புறம் தானாக இறங்கிப் போய்விடும்.

தொண்ணூறு என்று நின்றுகொண்டிருந்தால் நான் என்ன செய்வேன், சொல்லுங்க. நான் சொன்ன நம்பரை நம்பிக்கொண்டு என் பிள்ளை வந்து நிற்கிறது. இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

அதனால் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். நான் எடுத்த இருபது. சீரோ அழுத்துவதை விட்டேன். இப்போது சும்மா இருந்தால் இருபது காட்டும். வந்து நின்றால் நூத்திப்பத்து காட்டும். அதுதான் சரியான எடை. என் மேடையில் சரியான எடைதான் வரணும்.

பேத்தி வருஷத்துக்கு ஒரு தடவை மாப்பிள்ளையோடு வரும். ஆறு வயசு. மேடையில் ஏறிக் குதிக்கணும் தாத்தா என்று நிற்கும். ஏற விட மாட்டேன். கத்துவேன். அழும். எதிர்க் கடையில் பரோட்டா வாங்கித் தருகிறேன் என்று ஒரு தடவை வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? நான் பயந்தவன் இல்லை. என் மேல் தப்பும் இல்லை. டாக்டரே சொல்லியிருக்கிறார். நம்பரைக் கத்தினது நர்சு. சிரித்தது தெரு. நான் பெற்ற பிள்ளை சிரிக்கட்டும் என்று ஒரு சீட்டு கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இதோ, விளக்கு எரிந்துவிட்டது. மிஷின் ஓடி வரட்டும். முதலில் கோடு கோடாக வரும், அப்புறம் நம்பர் வரும். என் கண்ணாடி உள்ளே இருக்கிறது. நீங்களே படித்துச் சொல்லுங்க. இருபதுதானே?

சத்தமாகச் சொல்லாதீங்க. பக்கத்தில் வந்து சொல்லுங்க.

சரி.

சாவியை எடுக்காதீங்க தம்பி. உட்காருங்க. வண்டியில் இருக்கிற உங்கள் சுண்ணாம்புக்கல் எங்கேயும் ஓடிப்போகாது. மேடை காலியாகட்டும்.